பச்சைத்தண்ணி

பச்சைத்தண்ணி குடித்துவிட்டுப் பஸ் எடுக்க வந்து மாட்டிக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது, அவருடைய மனைவி பேக்கரியின் பின்பக்கத்தில் பன்களின் தலையில் முட்டைக் கலவையைத் தடவிக்கொண்டிருந்தாள். வந்து சொன்னவள் முன்னால் பில் போடுகிற பெண். சொல்லிவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பணிமனையில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே குடிக்காததால்தான். யார் வீட்டு விசேஷம் என்றாலும், யார் ஓய்வு பெற்றுப் போனாலும், டிரைவர்கள் கூடி உட்காருகிற இடத்தில் அவர் மட்டும் டம்ளரில் தண்ணீரை ஊற்றி முன்னால் வைத்துக்கொண்டு, கடலையைக் கொறித்துக்கொண்டு கடைசிவரை இருப்பார். பிறகு தள்ளாடுகிறவர்களை ஒவ்வொருவராக வீட்டில் கொண்டுபோய் விடுவார். "பச்சைத்தண்ணி இருக்காரா, அப்ப பயமில்ல" என்று அவர்களுடைய பெண்டாட்டிகளே சொல்வார்கள்.

"ஊதச் சொன்னாங்களாம்க்கா. மெஷின் சிவப்பு காட்டிருச்சாம். இவரு மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னாராம். வேற மெஷின் கொண்டாந்தாங்களாம். அதுவும் சிவப்பாம்."

அவள் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த பன்களுக்கும் தடவி முடித்து, அடுப்புக்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள். பல மாதங்களாக அவள் இந்தச் செய்திக்காகத்தான் காத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

மூக்குதான் முதலில் சொன்னது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரமானால் அவருடைய மூச்சில் ஒரு புளித்த வாடை. கண் சிவந்துவிடும். பேச்சு நாக்கிலேயே தடுக்கி விழும். உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்கிவிடும். எழுப்பினால் காரணமில்லாமல் சிரிப்பார், இல்லாவிட்டால் காரணமில்லாமல் எரிந்து விழுவார். இதையெல்லாம் அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடிய வயிறு அவளுடையது. மாப்பிள்ளைக்கு வீடு இருக்கிறதா வாசல் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. "குடிப்பாரா?" என்று ஒன்றை மட்டும்தான் கேட்டாள். இல்லை என்றார்கள். கழுத்தை நீட்டினாள்.

அதனால்தான் அவருடைய பையைத் தேடினாள். பரண் மேல் தேடினாள், குளியலறைத் தொட்டிக்குப் பின்னால் தேடினாள், தண்ணீர்ப் புட்டியைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. மனுஷன் எவ்வளவு கெட்டிக்காரன் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அவர் காக்கிச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. துவைத்த துணியெல்லாம் கூடத்துக்குள் கட்டிய கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து வந்த மகள் ஈரக் குடையைக்கூட மடக்காமல் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் தொடல" என்றார் அவர்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காம நிக்கிறியே, அதுக்குத்தான் சொல்றேன். காலைல ரெண்டு பன், ஒரு பாட்டில் ஜூஸ். அவ்வளவுதான் உள்ள போச்சு."

"பன்னு தின்னு போதை ஏறுன மனுஷனை நான் இன்னும் பாக்கல."

"அம்மா, நீ பாத்தியா? அப்பா குடிச்சதை உன் கண்ணால பாத்தியா?" என்றாள் மகள்.

"பாக்கணுமா? மூக்குன்னு ஒண்ணு இல்லையா எனக்கு? எங்கப்பன் செத்த அன்னைக்குக்கூட தொடலைன்னுதான் என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணான். நீ சின்னப் பொண்ணு, போய்த் தலையைத் துவட்டு."

அந்தப் பன்களைக் கொண்டுவந்ததும் அவள்தான். பேக்கரியில் சாயங்காலம் விற்காமல் நிற்பதை வேலைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். ஓரம் உடைந்த கேக், க்ரீம் பிதுங்கிய ரோல், சர்க்கரை தூவிய பன். பஸ் ஓட்டுகிறவனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு ஏது? விடிவதற்குள் கிளம்புகிறவர் வயிற்றைக் காயப் போடக்கூடாதே என்று, பையில் அடைத்து அனுப்புவாள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜூஸ் பாட்டில் நிற்கும். தூக்கம் வராமலிருக்க அதை அடிக்கடி வாயில் ஊற்றிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் குவித்து வைத்த வெள்ளைச் சோறு, அதற்கு மேல் ஒரு துண்டு கேக். காய் என்றால் அவருக்குத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற ஒரு சாமான். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பிடுங்கப் பயந்துகொண்டு, வீங்குகிற போதெல்லாம் மருந்துக்கடையில் கிருமி சாகிற மாத்திரையாக வாங்கி விழுங்குவார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. "உன் கைச்சாப்பாடு" என்று தொப்பையைத் தட்டிக் காட்டுவார். அவளுக்கும் அதில் ஒரு பெருமை.

பணிமனையில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற உடல் பரிசோதனையில் ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. தினம் எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டாராம்.

"பழக்கமே இல்ல டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். இதை அவரே வீட்டில் வந்து தமாஷாகச் சொன்னார். அவளும் அன்றைக்குச் சிரித்தாள். பிறகு யோசிக்க யோசிக்க அந்தச் சிரிப்பு புளித்துப்போனது.

செய்தி கேட்டு அவளுடைய அண்ணன் வந்தான். அப்பாவின் வழியை விடாமல் காப்பாற்றுகிறவன். ஓரத்தில் உட்கார்ந்து, தங்கை கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல மச்சான். எனக்குத் தெரியாத கடை இந்த ஊர்ல எது? ஒரு நாளாவது உங்களை எதுலயாவது பாத்திருக்கணுமே."

"போகாத இடத்துல எப்படிப் பாப்பீங்க?"

"அட, நம்மகிட்ட என்ன மறைப்பு? என்னைப் பாருங்க. போன மாசம் ஸ்கேன் எடுத்தேன். ஈரல் கண்ணாடி மாதிரி இருக்குன்னான். குடிக்கிறதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் மச்சான். பக்கத்துல நல்லாத் திங்கணும்."

அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பணிமனைக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை. தரையெல்லாம் எண்ணெய்க் கறை. குழிக்குள் நின்று ஒருவன் பஸ்ஸின் வயிற்றில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் இருவரும் கடந்து போகும்போது சுத்தியல் சத்தம் நின்றது. "பச்சைத்தண்ணில கலப்படம்டோய்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. யாரும் அடக்கவில்லை. இவர் தூக்கி வீட்டில் போட்டவர்கள்தான் அத்தனை பேரும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இங்க பாருங்கம்மா, இவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு. மெஷின் பொய் சொல்லாது. இவரு பிடிவாதமா நின்னா வேலையை விட்டு எடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. ஆனா குடும்பத்துல இருந்து ஒருத்தர், ஆமா பழக்கம் இருக்கு, வைத்தியம் பாக்கணும்னு சொன்னீங்கன்னா, இதை நோயா எடுத்துக்கலாம். மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பலாம். திரும்பி வந்தா பஸ் தர முடியாது. கழுவற இடத்துல ஏதாவது போட்டுத் தரேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. நான் தொடவில்லை என்று இவள் சொல்லிவிடுவாள், இவளுக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அவளுடைய அம்மாதான் ஞாபகம் வந்தாள். கடைசிவரை புருஷனுக்காகப் பொய் சொல்லிப் பொய் சொல்லியே அவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவள். நான் அவளாக மாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தாள். அதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு நியாயம் செய்ததாகாது.

"குடிக்கிறாரு சார்" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

அவள் புருஷன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

இல்லம் ஊருக்கு வெளியே, சுற்றி உயரமான மதிலோடு இருந்தது. வாசலில் வெற்றிலை பாக்கிலிருந்து சட்டை மடிப்பு வரை தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். முதல் தடவை பார்க்கப் போனபோது அவர் மரப்பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டாள். "இனிப்பா இருக்கு" என்றார். குடியை நிறுத்துகிறவர்களுக்கு இனிப்பு கொடுத்தால் ஏக்கம் அடங்கும் என்று அங்கே ஒரு முறை. காலையில் ஜாம் தடவிய ரொட்டி, நடுவில் சர்க்கரைத் தண்ணீர், சாயங்காலம் மிட்டாய். அவள் கொண்டுபோன கேக்கை, தானே மாவு பிசைந்து தானே சுட்டதை, அவர் மடியில் வைத்துவிட்டு வந்தாள். மனுஷன் அதையாவது வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று ஒரு ஆறுதல்.

அடுத்த நாளே இல்லத்திலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

அலுவலக மேஜை மேல் அவளுடைய கேக் இருந்தது. மிச்சப் பாதியைக் கூறு கூறாக வெட்டி, தாளில் பரப்பியிருந்தார்கள். காவலாளி ஒரு துண்டை விரலால் நசுக்கி முகர்ந்துகொண்டிருந்தான்.

"உங்க வீட்டுக்காரர் நேத்து சாயங்காலம் நிக்க முடியாம விழுந்துட்டாரு. ஊதவெச்சுப் பாத்தோம், தாறுமாறா காட்டுது" என்றார் மேற்பார்வையாளர். "இந்த மதிலைத் தாண்டி ஒரு சொட்டு உள்ள வராது. வந்தது இந்தக் கேக் ஒண்ணுதான். எதுல ஊறவெச்சுக் கொண்டாந்தீங்க?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் தீப்பற்றியதுபோல் ஆனது.

"ஐயோ, என்ன சார் பேசறீங்க! என் கையால செஞ்சது சார். மாவு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய். வேற ஒண்ணும் கிடையாது."

"எல்லாப் பொம்பளைங்களும் அழுதா கேட்டதைக் கொண்டாந்து குடுத்துடறாங்க. பாவம்னு பாக்கறீங்க. உண்மையைச் சொல்லுங்க, போலீஸெல்லாம் வேண்டாம்."

"சத்தியமா சார். என் பொண்ணு மேல சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

அந்த வார்த்தையில்தான் அவளுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. கேக்கில் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படியானால் அவர் குடிக்கவில்லை. நேற்றுக் குடிக்கவில்லை. அப்படியானால் அதற்கு முன்னால்? அவள் தரையில் உட்கார்ந்தாள். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இல்லத்துக்கு வாரத்தில் சில நாள் வருகிற டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்தவள், எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். பிறகு ஒரு கேள்விதான் கேட்டாள்: "வெறும் வயித்துல இருக்கும்போது எப்பவாவது சிவப்பு காட்டுச்சா?" யாருக்கும் தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினாள். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டு, தனி அறையில் ஒரு நர்ஸைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லபடியாக உட்கார்ந்திருந்தவர் மெல்ல மெல்லக் கண் சிவந்து, தலை தொங்கி, நர்ஸிடம் எதையோ குழறிச் சிரித்தார். எல்லோருடைய கண்ணெதிரிலும், சர்க்கரைத் தண்ணீரில், அவருக்குப் போதை ஏறியது. அவளும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். மகள் கையை உருவிக்கொண்டாள்.

"வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கும்மா. நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும்" என்று டாக்டரம்மா பிறகு சொன்னாள். "பல்லுக்குன்னு மாத்திரையை விழுங்கி விழுங்கி நல்லதெல்லாம் செத்துருச்சு. காலியான இடத்துல ஈஸ்ட் ஜாதிக் கிருமி ஒண்ணு வந்து குடியேறிருச்சு. இனிப்பும் மாவும் எது உள்ள போனாலும் அதைப் புளிக்கவெச்சுச் சாராயமா ஆக்குது. நீங்க பேக்கரில வேலை பாக்கறீங்க. ஈஸ்ட் போட்ட மாவு எப்படிப் பொங்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அந்த வாடை. வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும், ஈரத்துணி போட்டு மூடிய மாவுத் தொட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அதே வாடை. அவர் மூச்சில் வந்தபோது அவள் மூக்கு அப்பாவிடம் ஓடியதே தவிர, மாவுத் தொட்டியிடம் போகவில்லை.

"இது ரொம்ப அபூர்வம்மா. பல லட்சத்துல ஒருத்தருக்கு வரும். ஆனா ஈரல்ல கொழுப்பு ஏறுறது அபூர்வமே இல்ல. குடல்ல இருந்து கிளம்பற ரத்தம் நேரா ஈரலுக்குத்தான் போகுது. வயிறு கெட்டா அடி அங்கதான் விழும். சர்க்கரை, மைதா, அந்தக் கலர் ஜூஸ், இதையே தின்னுக்கிட்டு உக்காந்தே வேலை பாத்தா, ஒரு சொட்டு தொடாதவனுக்கும் வரும். இவருக்கு ரெண்டும் சேந்துக்கிச்சு."

"சரியாயிருமா டாக்டர்?"

"கிருமிக்கு மருந்து இருக்கு. காய், கீரை, பயறு, முட்டை, மீன்னு சாப்பாட்டை மாத்தணும். இனிப்பு, மைதா கூடவே கூடாது. எடை குறையணும். கொழுப்பு கரைஞ்சிரும். ஆனா ஈரல்ல வடு விழுந்திருக்கு. அதுல கொஞ்சம் ஆறலாம், மிச்சம் அப்படியேதான் இருக்கும். அன்னைக்கு ஸ்கேன்ல தெரிஞ்சபோதே யாராவது இவர் சொன்னதை நம்பியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது."

டாக்டரம்மா அவளைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அது வந்து இறங்கவேண்டிய இடத்தில்தான் இறங்கியது.

அவர் வீட்டுக்கு வந்தார். அவள் பேக்கரியிலிருந்து எதையும் கொண்டுவருவதை நிறுத்தினாள். அவித்த காய், வேகவைத்த பயறு, கைப்பிடி அளவு சோறு. முன்னெல்லாம் காயை ஒதுக்குகிறவர் இப்போது வைத்ததை வைத்தபடி தின்றார். உப்பு போதுமா என்று கேட்டால் "போதும்" என்பார். அவள் ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தாள். அதற்கும் "போதும்" என்றார்.

"என்னைத் திட்டுங்களேன்" என்றாள் அவள், தட்டை எடுக்காமல்.

"எதுக்கு?"

"நம்பாததுக்கு."

"மெஷினே நம்பல. நீ என்ன பண்ணுவ" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் தனியாகவே மேனேஜரிடம் போனாள். அவர் அதை மேலும் கீழும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயித்துக்குள்ளயே காய்ச்சுதா? இதை நான் எந்த முகத்தோட மேலிடத்துக்கு எழுதறது?"

"டாக்டர் எழுதியிருக்காங்களே சார். நான் அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன்."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யான்னு கேப்பாங்களேம்மா. பெண்டாட்டியே சொன்னான்னுதான் நான் எழுதியிருக்கேன். அதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கு?" குரலைத் தணித்துக்கொண்டார். "எப்படிப் பாத்தாலும் மறுபடி எப்ப ஏறும்னு தெரியாத ஆளை நம்பி ஐம்பது உசுரை ஏத்தி விட முடியுமா, சொல்லுங்க. கழுவற இடம் நல்ல இடம்தான். நிழல்."

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

அவர் பஸ் கழுவப் போனார். ரப்பர் பூட்ஸும் குழாயுமாக, மற்றவர்கள் ஓட்டி வந்து நிறுத்துகிற வண்டிகளின் சேற்றை அடித்துக் கழுவினார். எடை குறைந்தது. கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்தது. நல்ல நிறம் வந்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். மகள் அப்பாவோடு மட்டும் பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூறலில், இருவரும் காய்கறிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவர் கீரைக் கட்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருவர் வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார். பல வருஷம் அவரோடு ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர். இப்போது ஓய்வு பெற்று, மகனோடு இருக்கிறவர். கண் கலங்கியிருந்தது.

"கேள்விப்பட்டேன்டா. விட்டுட்டியாமே! எவ்வளவு பேரால முடியும்? ஆளே இளைச்சு, முகம் தெளிஞ்சு... எனக்கு வயிறு குளுந்துபோச்சு."

"இல்லண்ணே" என்று அவள் முந்திக்கொண்டாள். குடைக்கு வெளியே வந்துவிட்டதுகூடத் தெரியவில்லை. "அவரு குடிக்கவே இல்லண்ணே. அது வேற ஒரு நோவு. வயித்துல கிருமி, அது இனிப்பைச் சாராயமா..."

கண்டக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீ சொல்லுவம்மா. சொல்லித்தான் ஆகணும். நல்ல பொம்பள நீ." பிறகு அவர் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பையனும் அதுல விழுந்துட்டான்டா. யார் சொன்னாலும் கேக்கல. நீ ஒருநாள் வந்து ரெண்டு வார்த்தை சொல்லேன். அனுபவப்பட்டவன் சொன்னா கேப்பான். எப்படி விட்ட? என்னதான் பண்ண?"

அவள் அவரையே பார்த்தாள். சொல்லுங்கள், நீங்களாவது சொல்லுங்கள் என்று அவளுடைய உதடு அசைந்தது.

அவர் கீரையைத் திருப்பி அதன் வேரிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"வரேன்ண்ணே. வந்து சொல்றேன்" என்றார். "நானா எங்க விட்டேன். இவதான் மேனேஜர்கிட்ட எடுத்துச் சொல்லி, என்னை விடவெச்சா."

"அதானே பாத்தேன்! வீட்டுக்காரி துணை இருந்தா எதுதான் முடியாது?" கண்டக்டர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டபடியே தூறலில் நடந்து போனார்.

அவர் பீன்ஸ் கூடைப் பக்கம் குனிந்தார். ஒன்றை ஒடித்துப் பார்த்து, "முத்தலா இருக்கே, அந்தப் பக்கத்துலேர்ந்து போடும்மா" என்று கடைக்காரியிடம் சொன்னார். தராசுத் தட்டை எடுத்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினார்.

"பையைப் பிடி."

அவள் பையை விரித்துப் பிடித்தாள்.